"கையேட்டைப் படி" என்கிறார்கள், எந்தப் பக்கத்தை?

லினக்ஸ் இயங்குதளம், பைத்தன் நிரல்மொழி, இணையத்தள வடிவமைப்பு என்று ஏதோ ஒன்றைக் கற்கத் தொடங்கி, இரண்டாவது வாரமே ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு, ஏதாவது ஒரு மென்பொருள் குழுவில் தயங்கித் தயங்கி ஒரு கேள்வியைப் போட்டால், வருகிற பதில் நான்கே ஆங்கில எழுத்தாக இருக்கக்கூடும்: ஆர்டிஎஃப்எம். கையேட்டைப் படி என்று அர்த்தம். நடுவில் நிற்கும் எஃப் ஒரு கெட்ட வார்த்தை. சிலர் அதை விழுங்கிவிட்டு மரியாதையாகச் சொல்வார்கள், ஆனாலும் தொனியில் அது இருக்கத்தான் செய்யும். இது புதுப் பழக்கமும் இல்லை. 1979ல் வெளியான லின்பேக் என்ற கணித நிரல் தொகுப்பின் கையேட்டிலேயே, பொருளடக்கப் பக்கத்தின் அடியில், இந்த நான்கு எழுத்தைக் குறும்பாக அச்சடித்திருக்கிறார்கள்.

அந்தப் பதிலை ஒருமுறை வாங்கியவர்களுக்கும், வாங்கிவிடுவோமோ என்று பயந்து கேட்காமலே இருக்கிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். இலங்கை மலையகத்தில் கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் உயர்தரத்துக்கு ஐசிடி (தகவல் தொழில்நுட்பம்) படிக்கும் பிள்ளைகளோடு பழகுகிறவன் என்பதால் சொல்கிறேன், நம்மிடம் இரண்டாவது வகைதான் அதிகம்.

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் கோயில் திருவிழா நோட்டீஸைத் தமிழில் டைப் செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் திறந்தால் தமிழைக் காணோம். 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் கூடவே ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. பக்கம் முழுக்க இப்படித்தான்.

இலங்கையில் கொஞ்ச காலம் தமிழில் டைப் செய்தவர்களுக்கு இது பார்த்தவுடனே தெரியும், பாமினி. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டுகிறது, கணினியைப் பொறுத்தவரை அது இன்னும் ஜே, கே, பி, ஓதான். எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வந்துவிடும். யுனிகோடில் இந்தக் கூத்து கிடையாது, அங்கே 'த'வுக்கென்றே ஓர் எண் இருக்கிறது. ஆகவே ஒன்று பாமினியை நிறுவ வேண்டும், அல்லது ஒரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

ஆனால் நோட்டீஸை வைத்துக்கொண்டு முழிக்கிற பையன் இதில் எதைக் கேட்பான்? 'ஆங்கிலத்தைத் தமிழாக மாற்ற எந்த மென்பொருள் நல்லது?' என்றுதான் கேட்பான். நல்ல மனதோடு ஒருவர் கூகுள் டிரான்ஸ்லேட் என்று பதில் போடுவார். இவன் அந்த எழுத்துக் குவியலை அதில் ஒட்டிப் பார்ப்பான், ஒன்றும் நடக்காது, 'வேலை செய்யவில்லை' என்று மறுபடியும் வருவான். நாலாவது ஆள் பொறுமை இழந்து, வேர்ட் எப்படிப் பயன்படுத்துவது என்று முதலில் படித்துவிட்டு வா என்பார். அவர் சொன்னதில் பொய் இல்லை, எழுத்துருக்கள் பற்றி வேர்டின் உதவிப் பக்கங்களில் இருக்கிறது. ஆனால் அங்கே போய் எந்தச் சொல்லைத் தேடுவது? எழுத்துரு, குறியாக்கம் (எழுத்துகளைக் கணினி எண்களாக வைக்கும் முறை) என்ற இரண்டு சொல்லில் ஒன்று தெரிந்திருந்தாலே அவன் குழுவுக்கு வந்திருக்க மாட்டான்.

நம் தோட்டங்களுக்கு இரண்டு பெயர் உண்டு இல்லையா, துரைமார் காலத்து ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கூப்பிடும் பெயர் இன்னொன்று. பாட்டி சொன்ன பெயரை மட்டும் தெரிந்துகொண்டு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறவர் போர்டுகளை எத்தனை தரம் வாசித்தாலும் பஸ் கிடைக்காது, ஒரு கொண்டக்டரிடம் வாய் திறந்து கேட்டே ஆக வேண்டும். மென்பொருள் கையேடுகளும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன, உள்ளே இருப்பவர்கள் வைத்த பெயர்களின் வரிசையில். பெயர் தெரிந்தவருக்கு அதைவிட வேகமான வழி கிடையாது. தெரியாதவருக்கு அது பூட்டிய அலுவலகம். புதியவர் கேட்கும் 'சின்னக் கேள்வி'களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தப் பெயரைக் கேட்கும் கேள்விகள்தான், கேட்பவருக்கே அது தெரியாவிட்டாலும்.

சரி, அந்தப் பக்கத்து நியாயத்தையும் பார்க்கணும். திறமூல மென்பொருள் குழுக்களில் பதில் சொல்பவர்களில் பெரும்பாலானோர் சம்பளத்துக்கு உட்கார்ந்தவர்கள் இல்லை, வேலை முடிந்து வந்து இரவில் எழுதுகிறவர்கள். கேள்வியை எழுத ஒரு நிமிடம் போதும், பதிலை ஒழுங்காக எழுத அரை மணி நேரம் வேண்டும், அதுவும் போன வாரம் எழுதிய அதே பதிலை. 1980ல் தொடங்கிய யூஸ்நெட் என்ற கலந்துரையாடல் வலையமைப்பில் இந்தத் தலைவலி ஒவ்வொரு செப்டெம்பரும் வரும், ஏனென்றால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புது மாணவர்கள் சேர்ந்து முதன்முதலாக இணைப்புப் பெறும் மாதம் அது. பழையவர்கள் ஒன்றிரண்டு மாதம் பொறுத்து, புதியவர்களுக்குப் பழக்கவழக்கங்களைச் சொல்லிக்கொடுத்து முடிப்பார்கள். பிறகு ஏஓஎல் போன்ற நிறுவனங்கள் பொதுமக்களுக்கும் வாசலைத் திறந்துவிட, புதியவர்கள் மாதம் பார்க்காமல் வரத் தொடங்கினார்கள். 1993ன் செப்டெம்பர் முடியவே இல்லை என்று இன்றைக்கும் பழைய ஆட்கள் பகிடியாகச் சொல்வார்கள். வங்கி இணையத்தளத்தில்கூட இன்று பார்க்கிற 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்ற பகுதியும் இப்படியான குழுக்களில் திரும்பத் திரும்பப் பதில் எழுதிக் களைத்தவர்கள் கண்டுபிடித்த வழிதான்.

2001ல் திறமூல உலகத்தைச் சேர்ந்த எரிக் ரேமண்ட், ரிக் மோவன் இருவரும் கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார்கள். முதலில் தேடு, தேடியதைச் சொல், பிழைச்செய்தியை அப்படியே கொடு என்பதெல்லாம் அதில் இருக்கிறது, அத்தனையும் இன்றைக்கும் சரி. பதில் கரடுமுரடாக வந்தால் அது அந்த உலகத்தின் பேச்சுவழக்கு, மனதில் எடுக்காதே என்றும் அதில் இருக்கிறது. அதோடு எனக்கு உடன்பாடில்லை. கரடுமுரடான பேச்சைத் தாங்கிக்கொண்டு நிற்கக்கூடியவர்கள் மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்ற இடத்துக்குத்தான் அது கொண்டுபோய் விடும். பள்ளிக்கூடத்தில் கை தூக்கிக் கேள்வி கேட்டுப் பழகாத ஒரு பிள்ளை ஒரே ஓர் ஏளனத்தோடு திரும்பிப் போய்விடும். போனது குழுவில் யாருக்கும் தெரியவும் வராது.

அப்புறம், கையேடு கையேடு என்கிறார்களே, அது என்ன பொருள்? இந்த வழக்கம் லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் இருந்து வருகிறது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிட்சியும் எழுதிய முதல் யுனிக்ஸ் கையேட்டின் திகதி 1971 நவம்பர் 3. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒழுங்கு: பெயர், சுருக்கம், விளக்கம், தொடர்பான மற்றவை, கூடவே 'பிழைகள்' என்று ஒரு தலைப்பு. தாங்கள் எழுதிய நிரலில் என்ன கோளாறு இருக்கிறது என்று தாங்களே அச்சில் ஒப்புக்கொண்ட அந்தத் தலைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தக் காலத்தில் கையேட்டைப் படி என்றால் முழுவதையும் படி என்றே சொல்லலாம், புத்தகம் அவ்வளவு சின்னது, விளங்காவிட்டால் எழுதியவர் அதே கட்டடத்தில் இருந்தார். இன்று உபுண்டு என்ற லினக்ஸ் உள்ள ஒரு சாதாரண கணினியில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஏற்கெனவே கிடக்கின்றன. வெறுமனே கையேட்டைப் படி என்றால் எங்கிருந்து தொடங்குவது?

இது பேச்சுக்குச் சொல்வதில்லை. லினக்ஸில் கையேட்டைத் திறக்கும் கட்டளை 'மேன்'. புதியவர் கற்கும் முதல் கட்டளைகளில் ஒன்று 'சிடி', ஒரு கோப்புறையில் இருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு. ஆர்வமாக 'மேன் சிடி' என்று அடித்துப் பாருங்கள், உபுண்டு உட்படப் பல லினக்ஸ்களில் அப்படி ஒரு பக்கம் இல்லை என்றே பதில் வரும். காரணம், சிடி தனி நிரல் இல்லை, நாம் கட்டளை அடிக்கும் பேஷ் என்ற ஷெல் நிரலுக்குள்ளேயே இருக்கும் ஒன்று, அதைப் பார்க்க 'ஹெல்ப் சிடி' என்று அடிக்க வேண்டும். இதைக் கையேட்டைப் படித்தே ஒருவர் கண்டுபிடிக்கலாம், பேஷின் மிக நீண்ட கையேட்டுப் பக்கத்துக்குள் தேட வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால்.

இன்னொன்று, 'க்ரான்டாப்'. தினமும் இரவு 10 மணிக்கு ஒரு வேலை தானாக நடக்க வேண்டும் என்றால் இதில்தான் எழுதி வைப்போம். நேரத்தை எந்த ஒழுங்கில் எழுதுவது என்று கேட்டால் 'மேன் க்ரான்டாப்' என்பார்கள். அதைத் திறந்தால் கட்டளையைப் பற்றி வருமே தவிர நேரம் எழுதும் முறை வராது. கையேடு எட்டுப் பிரிவாகப் பிரிந்திருக்கிறது, கட்டளைகள் முதற்பிரிவில், கோப்புகளின் அமைப்பு ஐந்தாம் பிரிவில். ஆகவே 'மேன் 5 க்ரான்டாப்' என்று எண்ணையும் சேர்த்து அடித்தால்தான் நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை என்ற ஐந்து இடங்களும் எப்படி எழுதப்பட வேண்டும் என்று வரும். அந்த ஒற்றை எண்ணைச் சொல்லாமல் விட்ட பதில், கேட்டவரைத் தவறான பக்கத்துக்கு அனுப்பிய பதில்தான். அவர் அதை நேர்மையாக முழுக்க வாசித்துவிட்டு 'அதில் இல்லையே' என்று திரும்பி வந்தால் சோம்பேறி என்ற பெயர் வேறு.

டானியேலே ப்ரோசிடா என்பவர் மென்பொருள் ஆவணங்களை நான்காகப் பிரிப்பார்: கைபிடித்துக் கற்றுத்தரும் பாடம், ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்துமுடிக்கும் வழிகாட்டி, எல்லா விவரத்தையும் அடுக்கிவைத்த குறிப்பேடு, ஏன் இப்படி என்று சொல்லும் விளக்கம். மேன் பக்கம் மூன்றாவது வகை. புதியவருக்குத் தேவை முதலாவது. கையேட்டைப் படி என்று வீசப்படுவது பெரும்பாலும் மூன்றாவது என்பதால், படித்தும் விளங்கவில்லையே, நமக்கு மூளை இல்லையோ என்று அவர் நினைத்துக்கொள்கிறார். மூளையில் குறை இல்லை, கைக்கு வந்த ஆவணம் வேறு வேலைக்கானது.

பைத்தனில் இதை இன்னும் தெளிவாகக் காட்டலாம். உயர்தர மாணவர் ஒருவர் இரண்டு எண்ணை வாங்கிக் கூட்டும் நிரல் எழுதுகிறார். 5 கொடுக்கிறார், 3 கொடுக்கிறார், விடை 53 என்று வருகிறது. என்ன பிழை? பைத்தனிலேயே கையேடு இருக்கிறது, 'ஹெல்ப்' என்று எழுதி அடைப்புக்குள் 'இன்புட்' போட்டால், வழக்கமான உள்ளீட்டில் இருந்து ஒரு ஸ்ட்ரிங்கை வாசிக்கும் என்று விளக்கத்தின் முதல் வரியிலேயே சொல்கிறது. விடை அந்த வரியிலேயே இருக்கிறது. ஸ்ட்ரிங் என்றால் எழுத்துத் தொடர், எழுத்துத் தொடர்களுக்கு நடுவில் கூட்டல் குறி போட்டால் ஒட்டத்தான் செய்யும், கூட்டாது, கூட்ட வேண்டுமானால் 'இன்ட்' போட்டு எண்ணாக்க வேண்டும். தெரிந்தவர் கண்ணுக்கு அந்த ஒரு வரி முழு விளக்கம். தெரியாதவர் அதை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார், அது விடை என்றே தெரியாமல். இவருக்கு வேண்டியது 'அந்த வரியில் ஸ்ட்ரிங் என்று இருக்கிறதே, அதைக் கவனி' என்று ஒரு மனிதர் சொல்வது மட்டும்தான்.

சின்னக் கேள்வி கேட்பதற்கு வெட்கப்படுகிறவர்களுக்கு விம் கதையைச் சொல்லுவேன். விம் என்பது பழைய, வல்லமையான ஓர் உரை திருத்தி, அதில் இருந்து வெளியே வருவது எப்படி என்ற கேள்வி, நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இருக்கிறது. 2017ல் அந்தக் கேள்வி 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவை பார்க்கப்பட்டுவிட்டதாக அந்தத் தளமே அறிவித்தது. பார்த்தவர்கள் பெரும்பாலும் நிரல் எழுதுகிறவர்கள்தான்! விசேஷம் என்னவென்றால், விமை வெறுமனே திறந்தால் எப்படி வெளியேறுவது என்று முதல் திரையிலேயே எழுதியிருக்கும். பிறகேன் இத்தனை பேர்? பலர் விமைத் தாமாகத் திறப்பதே இல்லை. விண்டோஸில் கிட் என்ற, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியை நிறுவும்போது எதையும் மாற்றாமல் அடுத்து அடுத்து என்று அழுத்திப் போனவர், செய்தி எழுதாமல் 'கமிட்' (மாற்றத்தைப் பதியும் கட்டளை) கொடுத்தவுடன் கிட் தானாக விமைத் திறந்து அதற்குள் அவரைத் தள்ளிவிடும், கோப்போடு திறப்பதால் அந்த வரவேற்புத் திரையும் வராது. தான் மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தின் பெயர் விம் என்பதே அவருக்குத் தெரியாது. விம்காரர்கள் பின்னால் இதைப் புரிந்துகொண்டு, தப்பிக்க நினைத்து கன்ட்ரோல் சி அழுத்துகிறவருக்கு வெளியேறும் வழியைத் திரையின் அடியிலேயே காட்டும்படி செய்தார்கள். கேள்வி எழும் இடத்துக்கே கையேட்டின் ஒரு வரியைக் கொண்டுவந்து வைத்த வேலை அது, எனக்குத் தெரிந்து இந்தச் சண்டைக்கு இதைவிட நல்ல தீர்ப்பு இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டுக் கையேடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நமக்கு அதில் ஒரு தனி லாபம் இருக்கிறது: மேன் பக்கங்கள் கணினிக்குள்ளேயே இருக்கின்றன, டேட்டா வேண்டாம். மழை பிடித்துக்கொண்டால் சிக்னல் படுத்துவிடும் தோட்டத்து லயத்தில் இருந்து படிக்கும் பிள்ளைக்கு, ரீலோட் போடாமல் திறக்கும் ஒரே நூலகம் அது. வாசிக்கும் விதத்தை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே கதைப் புத்தகம் மாதிரி வாசிக்க வேண்டாம். சாய்கோட்டை அழுத்தி ஒரு சொல்லை அடித்து என்டர் கொடுத்தால் அந்தச் சொல் வரும் இடத்துக்குப் போகும், 'என்' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் அடுத்த இடம், 'க்யூ' அழுத்தினால் வெளியே. சதுர அடைப்புக்குள் இருப்பது விரும்பினால் போடலாம், கட்டாயம் இல்லை. உதாரணங்கள் இருந்தால் அவை பெரும்பாலும் கடைசியில் இருக்கும், அங்கிருந்தே தொடங்கலாம். இன்னும் கீழே 'இவற்றையும் பார்க்க' என்று ஒரு பட்டியல் வரும், பலரும் கவனிக்காமல் விடுவது அதைத்தான். பெயர் தெரியாமல் தவிக்கிறவருக்குப் பெயர்கள் கிடைக்கும் இடம் அது.

தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லையா, கேளுங்கள். எப்படிக் கேட்டால் அந்த நான்கு எழுத்து வராது என்றால், உங்கள் தேடல் எந்த இடத்தில் அறுந்தது என்று காட்ட வேண்டும். கோயில் நோட்டீஸ் கேள்வியை இப்படி எழுதிப் பாருங்கள்: 'கடையில் டைப் செய்த வேர்ட் கோப்பு இது. அங்கே தமிழாகத் தெரிந்தது, என் விண்டோஸ் 10ல் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. முதல் வரியைக் கீழே ஒட்டியிருக்கிறேன். மேலே ஒரு பெட்டியில் பாமினி என்று காட்டுகிறது. இதைத் தமிழில் பார்க்கவும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டும்.' எழுதியவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, ஆனால் தெரிந்த ஒருவர் பார்த்தவுடன் பதில் சொல்லிவிடலாம். பாமினி என்ற சொல் திரையில் இருந்தது, விளங்காவிட்டாலும் அதை எடுத்துப் போட்டார், அது போதும். முக்கியமாக, கடைசியில் தனக்கு என்ன நடக்க வேண்டும் என்று சொன்னார், அதனால் மொழிபெயர்ப்புச் செயலிப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். தன் உண்மையான தேவையை விட்டுவிட்டு, தானே ஊகித்த அரைகுறைத் தீர்வைப் பற்றி மட்டும் கேட்பதற்கு எக்ஸ் ஒய் சிக்கல் என்று இந்த உலகத்தில் பெயர், அது எல்லா மட்டத்திலும் நடக்கிறது.

பிழைச்செய்தியை வாசகமாக ஒட்டுங்கள். போனில் திரையைப் படம் பிடித்து, லைட் வெளிச்சம் அடித்து, பாதி எழுத்து தெரியாமல் அனுப்பினால் யாராலும் அதைத் தேடிப் பார்க்க முடியாது. உங்கள் கணினி தமிழில் இருந்தால் பிழைச்செய்தியும் தமிழில் வரலாம், லினக்ஸில் கட்டளைக்கு முன்னால் 'எல்சி ஆல்' என்ற மாறியை 'சி' என்று கொடுத்து ஓட்டினால் அதே செய்தி ஆங்கிலத்தில் வரும், அதைத் தேடினால் உலகம் முழுக்க மாட்டியவர்கள் கிடைப்பார்கள்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லணும். 'வணக்கம் சேர், ஒரு சின்னச் சந்தேகம், கேட்கலாமா?' என்று போட்டுவிட்டு, யாராவது கேளுங்கள் தம்பி என்று சொல்லும்வரை காத்திருப்போம். மரியாதைக்குச் செய்வது, தப்பே இல்லை. ஆனால் ஆயிரம் பேர் இருக்கிற குழுவில் 'கேளுங்கள்' என்று சொன்னவர் பதிலுக்கும் பொறுப்பாகிவிடுவார் என்ற பயத்தில் எல்லாரும் பேசாமல் இருந்துவிடுவார்கள். வணக்கத்தையும் கேள்வியையும் ஒரே செய்தியில் போட்டுவிடுங்கள். அதேபோல, தெரிந்த ஒரு அண்ணனின் தனிப் பெட்டியில் போய்க் கேட்பது கூச்சம் குறைவு என்றாலும், அங்கே கிடைக்கும் பதில் அடுத்த பிள்ளைக்குக் கிடைக்காது, அந்த அண்ணனும் அதே பதிலை எட்டுப் பேருக்கு எழுதிக்கொண்டிருப்பார்.

ஆங்கிலம் பெரிய தடைதான், அதை மறைக்கத் தேவையில்லை. கையேட்டைப் படி என்பது தமிழ் மொழி மூலம் படித்த பிள்ளைக்கு முதலில் ஆங்கிலம் படித்துவிட்டு வா என்றுதான் காதில் விழுகிறது. தமிழில் கொஞ்சம் இருக்கிறது: தமிழ்நாட்டில் 2012ல் தொடங்கிய கணியம் இதழ் லினக்ஸ், பைத்தன் போன்றவற்றுக்கு இலவச மின்னூல்களே வெளியிட்டிருக்கிறது, வழக்கு நம்முடையதில் இருந்து சற்று வேறாக இருந்தாலும் விளங்கும். முதலில் தமிழில் ஒரு பாடத்தைப் படித்து என்ன நடக்கிறது என்று பிடித்துக்கொண்டு, பிறகு ஆங்கிலக் குறிப்பேட்டுக்குப் போனால் அது அவ்வளவு பயமுறுத்தாது. கேட்பதற்கு நல்ல ஆங்கிலமும் தேவையில்லை. திறமூலத் திட்டங்களுக்கு நிரல் எழுதவைக்கும் கூகுளின் சம்மர் ஆஃப் கோட் திட்டத்துக்குப் பல ஆண்டுகள் உலகிலேயே அதிக மாணவர்கள் தெரிவானது நம் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இருந்துதான், அவர்களில் எத்தனை பேருக்கு ஆங்கிலம் வீட்டு மொழி? சின்னச் சின்ன வாக்கியமாக, என்ன செய்தேன், என்ன வந்தது என்று எழுதினால் போதும்.

இப்போது இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும், சாட்ஜிபிடியிடம் தமிழிலேயே கேட்டுவிடலாமே என்று ஒரு பிள்ளை கேட்டால் நியாயமான கேள்விதான். 2022 நவம்பரில் அது வந்தபிறகு, சின்னக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் ஓர் இடம் கிடைத்துவிட்டது உண்மை. பெயர் தெரியாத பொருளை விவரித்து அதன் பெயரைக் கேட்பதற்கு அதைவிட வசதி இல்லை, நானும் அதற்குப் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு கட்டளைக்கு இல்லாத தெரிவை (ஆப்ஷனை) இருக்கிறது என்று அதே தைரியத்தோடு அதுவும் சொல்லும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதே ஆண்டு டிசம்பரிலேயே அதன் பதில்களை ஒட்டக் கூடாது என்று தடை போட்டதற்குக் காரணம் அதுதான், பார்க்கச் சரியாகவும் உள்ளே தவறாகவும் இருந்த பதில்கள் குவிந்தன. ஆகவே பெயரை அதனிடம் வாங்கிக்கொண்டு, சரிபார்க்க மேன் பக்கத்துக்குப் போங்கள். பெயர் கையில் வந்தபிறகு கையேடு எவ்வளவு வேகமானது என்று அப்போது தெரியும்.

பதில் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டவர்களுக்கும் இரண்டு வரி. கையேட்டுக்கு அனுப்புவது தப்பில்லை, பக்கத்தைச் சொல்லி அனுப்புங்கள். 'மேன் 5 க்ரான்டாப் பாருங்க, நேரம் எழுதும் ஐந்து இடமும் அதில் இருக்கு, விளங்காவிட்டால் திரும்பி வாங்க' என்று எழுத ஆர்டிஎஃப்எம் அடிப்பதைவிடப் பத்து விநாடிதான் கூட. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவே 2018 ஏப்ரலில், தங்கள் தளம் புதியவர்களை வரவேற்கும் இடமாக இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு விதிகளைத் திருத்த வேண்டி வந்தது, பத்து வருடத்துப் பழக்கம் அதற்குள் ஊறியிருந்தது. எரிச்சலாக இருக்கிறதா, பேசாமல் கடந்து போங்கள், இன்னொருவர் சொல்வார்.

பதில் கிடைத்துப் பிரச்சினை தீர்ந்தவர் 'ஓகே, சரி வந்துட்டு' என்று மட்டும் போட்டுவிட்டுப் போகக் கூடாது. என்ன செய்து சரிவந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள், நீங்கள் முதலில் தேடிய தவறான சொற்களையும் அதில் சேர்த்தே எழுதுங்கள், அடுத்தவரும் அந்தச் சொல்லைத்தான் தேடி வருவார். கையேட்டிலேயே ஒரு வரி குறைகிறது என்று தோன்றினால் அதையும் திருத்தலாம். பைத்தன் ஆவணப் பக்கங்களின் அடியில் பிழை அறிவிக்க ஓர் இணைப்பு இருக்கும். மென்பொருள் திட்டங்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கும் திட்டங்களில் ஆவணக் கோப்பைத் திறந்தால் மூலையில் ஒரு பென்சில் குறி தெரியும், அழுத்தி எழுதி அனுப்பினால் பொறுப்பாளர்கள் பார்த்துச் சேர்ப்பார்கள். பல திட்டங்கள் புதியவரின் முதல் பங்களிப்பாக எதிர்பார்ப்பதே இப்படியான ஆவணத் திருத்தத்தைத்தான், எந்த வரி இல்லை என்பது பத்து வருடம் அதற்குள் இருந்தவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.